அக்கா கடைக்கு வந்த போன்கள்

அக்கா தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறாள். பழைய மிதி மெஷினோ, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினோ, மூடியைக் கழற்றி ஒரு சுற்று சுற்றிக் காதைக் கொடுத்தாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். தெரிந்தவர்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். தெரியாதவர்கள் வரவில்லை. போன வருடம் ஒருநாள், "கூகுள் மேப்புல தேடினா நம்ம கடை வரவே மாட்டேங்குதாம்டா, என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்றாள்.

கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வீட்டில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாஸ்வேர்டு வாங்குவதற்காகக் கடைக்குப் போனவன், அவள் ஒரு மெஷினில் மூழ்கியிருந்ததால் போன் எடுக்கும் வேலையைச் செய்துகொண்டு மாலைவரை உட்கார்ந்துவிட்டேன். அந்த அரைநாள்தான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது.

முதல் போன்: "வாசல்லதான் நிக்கிறேன், கேட்டு பூட்டியிருக்கே?" கடை திறந்திருந்தது, வாசலில் யாருமில்லை. இரண்டாவது: "பேன்ட் நீளம் குறைக்கணும், இன்னிக்கே கிடைக்குமா?" மூன்றாவது: "இன்னிக்குக் கடை உண்டா?" நான்காவது: "பழைய இடத்துலதான இருக்கீங்க?" அடுத்தவர் ஓவர்லாக் மெஷின் பார்ப்பீர்களா என்று கேட்டார். இன்னொருவர், "வீட்டுக்கு வந்து பார்ப்பீங்களா?" என்றார். பில் புத்தகத்தின் பின்னட்டையில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். மாலையில் படித்துப் பார்த்தால், மெஷின் கோளாறைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோரும், மேப்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கத்தான் போன் செய்திருந்தார்கள்.

லிஸ்டிங்கில், அதாவது மேப்பில் கடைக்கென்று இருக்கும் பக்கத்தில், எங்கே பிழை என்று காட்ட அந்தப் பின்னட்டையைவிட நல்ல கருவி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தேவையில்லாமல் வரும் ஒவ்வொரு போனுக்குப் பின்னாலும் லிஸ்டிங்கில் ஒரு பிழை இருக்கிறது. போன் செய்தவராவது கேட்டுத் தெரிந்துகொண்டார். போன்கூடச் செய்யாமல் அடுத்த கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் கணக்கில்லை.

திருத்தலாம் என்று போனால் கதவே திறக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்பு விளம்பர வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் அக்காவுக்காக அந்தப் பக்கத்தை உருவாக்கிக் கொடுத்திருந்தது, தன்னுடைய கணக்கில். அக்காவின் கடைக்கு உரிமையாளர் அவர்கள்! அவர்களுடைய பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது. மேப்பில் கடையைத் திறந்து, உரிமை கோரும் இடத்தில் அனுமதி கேட்டால், இப்போதைய உரிமையாளருக்குத் தகவல் போகும். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் அவகாசம். பதில் வரவில்லையென்றால் பெரும்பாலும் நாமே வெரிஃபிகேஷன் செய்து, அதாவது கடை நம்முடையதுதான் என்று நிரூபித்து, எடுத்துக்கொள்ள வழி திறக்கும். எங்களுக்கு அப்படித்தான் திறந்தது. யாரிடம் வேலை கொடுத்தாலும் உரிமையாளர் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும். அவர்களை மேலாளராகச் சேர்த்தால் போதும், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

வெரிஃபிகேஷனை வீடியோவில் கேட்டது. நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருவும் சுற்றுப்புறமும், பெயர்ப்பலகை, உள்ளே தொழில் நடக்கிறது என்பதற்கான அடையாளம், இந்த இடம் நம் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கான சான்று, எல்லாம் அதில் வரவேண்டும். நான் தெருமுனையிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, குனிந்து பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர்கள் மாட்டியிருக்கும் பலகையைக் காட்டினாள், மேஜையில் பிரித்துக் கிடந்த மெஷினைக் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சில நாளில் ஒப்புதல் வந்தது.

இடையில் இன்னொரு குழப்பம். யாரோ கொடுத்த பழைய குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் சொன்ன ஆப்பை அக்கா போனில் தேடிக்கொண்டிருந்தாள். இந்தச் சேவைக்குப் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2005-இல் லோக்கல் பிசினஸ் சென்டர், 2010-இல் ப்ளேசஸ், 2014-இல் கூகுள் மை பிசினஸ், 2021 நவம்பரிலிருந்து பிசினஸ் புரொஃபைல். மை பிசினஸ் காலத்து ஆப் இப்போது இல்லை. உரிமையாளர் கணக்கோடு கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடினால், திருத்தும் பொத்தான்கள் அங்கேயே வந்து நிற்கும். மேப்ஸ் ஆப்பிலும் அப்படியே. இணையத்தில் படிக்கும் எந்த அறிவுரைக்கும் முதலில் அது எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள்.

இனி பின்னட்டைக்கு வருகிறேன்.

பூட்டிய கேட்டில் நின்றவர் நின்றது கட்டடத்தின் பின்பக்கம். பெரிய கட்டடங்களில் இது அடிக்கடி நடக்கும். முகவரி முழுக் கட்டடத்துக்கும் ஒன்றுதான், மேப்பில் இடத்தைக் காட்டும் குறியான 'பின்' மட்டும் நடுவிலோ பின்பக்கமோ போய் விழும். வழிகாட்டும் குரலும் பின்னுக்கு மிக அருகில் எந்தப் பாதை இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கி, பின்னைச் சரியாக ஷட்டருக்கு மேல் இழுத்து வைத்தேன். பிறகு தெருவின் இரண்டு முனைகளிலிருந்தும் நடந்து சோதித்தேன். இந்த மாதிரித் திருத்தம் உடனே ஏறாமல் பரிசீலனையில் நிற்கலாம், சிலசமயம் மறுபடி வெரிஃபிகேஷன்கூடக் கேட்கலாம், அதனால் அவசரப்பட்டு ஒரே நாளில் பத்துத் திருத்தம் செய்யாமல் ஒன்றொன்றாகப் போவது நல்லது. கூடவே, வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்து கடை முகப்பை ஒரு போட்டோ எடுத்துப் போட்டேன். கடைப் போட்டோ என்றாலே பலர் உள்ளே இருக்கும் பொருளை மட்டும் போடுகிறார்கள். வழி தேடி வருகிறவருக்கு முதலில் வேண்டியது வாசல். அளவு 720-க்கு 720 பிக்சல் இருக்கட்டும் என்கிறது கூகுள். இன்றைய எந்தப் போனும் அதைத் தாண்டிவிடும்.

பேன்ட் நீளம் குறைக்கக் கேட்டவர்தான் எனக்குப் பெரிய உதவி செய்தவர். பக்கத்தைத் திறந்து பார்த்தால், கடை என்ன வகை என்று சொல்லும் முதன்மைக் கேட்டகரியாகத் தையல்காரர் என்று போட்டிருந்தது. அந்த நிறுவனத்தில் யாரோ 'தையல்' என்று தட்டி, முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். துணி தைக்க ஆள் தேடினவர்களுக்கெல்லாம் அக்கா கடை எங்கோ ஒரு மூலையில் காட்டப்பட்டிருக்கிறது, மெஷின் பழுதுபார்க்கத் தேடினவர்களுக்குக் காட்டப்படவே இல்லை. இத்தனை வருடம்.

இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் கையில் இருக்கும் திருத்தங்களிலேயே மிகவும் பலம் வாய்ந்தது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இடம் சார்ந்த தேடலில் எந்தக் கடையை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடினதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், அந்தக் கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. அறியப்படுதல் நாளாக நாளாகத்தான் வரும். பொருத்தம் மட்டும் இன்றைக்கே நம் கையில் இருக்கிறது, அதன் முதல் சொல் கேட்டகரி. முதன்மையாக ஒன்று, அதற்குமேல் 9 வரை சேர்க்கலாம். ஆனால் நாமாக ஒரு சொல்லை எழுத முடியாது, அவர்கள் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது கூகுளின் விதிமுறையே ஒரு நல்ல சோதனை சொல்லிக்கொடுக்கிறது: 'இந்தக் கடை ஒரு ____' என்ற வாக்கியத்தில் அது பொருந்த வேண்டும். 'இந்தக் கடையில் ____ உண்டு' என்பதில் பொருந்தினால் போதாது. அக்கா கடையில் ஊசியும் நூலும் விற்கிறாள். அதற்காக அது ஊசி நூல் கடை ஆகிவிடாது.

தையல் மெஷின் பழுதுபார்க்கும் சேவை என்பதை முதன்மையாக வைத்தேன். பழைய மெஷின் வாங்கிச் சரிசெய்து விற்கவும் செய்கிறாள் என்பதால் தையல் மெஷின் கடை என்பதை இரண்டாவதாகச் சேர்த்தேன். அவ்வளவுதான். மீதி எட்டு இடம் காலியாக இருக்கிறது, இருக்கட்டும்.

ஓவர்லாக் பற்றிக் கேட்டவருக்கான பதில் சேவைகள் பகுதியில் போயிற்று. அங்கே நம் சொல்லிலேயே எழுதலாம். ஓவர்லாக் மெஷின் சர்வீஸ், மோட்டார் மாற்றுதல், மிதி மெஷினுக்கு மோட்டார் பொருத்துதல், டைமிங் சரிசெய்தல். அக்காவைச் சொல்லச் சொல்லி, அவள் வாயில் வந்த சொற்களையே தட்டினேன். தேடுகிறவரும் அப்படித்தானே தட்டுவார்? சிலசமயம் தேடல் முடிவில் கடைப் பெயருக்குக் கீழே, இந்தச் சேவை இங்கே உண்டு என்றோ, ரிவ்யூவில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்றோ ஒரு வரி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரி இங்கிருந்தெல்லாம்தான் போகிறது. அறிமுகக் குறிப்புக்கு 750 எழுத்து இடம் இருக்கிறது. அதை வரிசையில் ஏறுவதற்காக இல்லாமல் படிக்கிறவருக்காக எழுதுங்கள்.

பெயர் விஷயத்தில் எனக்கு ஆசை வந்தது, மறைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் முன்னால் வரும் சில கடைகளைப் பார்த்தால், கடைப் பெயரோடு பகுதியின் பெயர், தொழிலின் பெயர், 'சிறந்த' என்ற அடைமொழி எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. அது வேலை செய்கிறது என்பதும் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். "போர்டுல அப்படி இல்லையேடா" என்றாள். அவள் சொன்னதுதான் விதியும். பெயர்ப்பலகையில், பில்லில், வாடிக்கையாளர் வாயில் எந்தப் பெயரோ அதுதான் அங்கே இருக்க வேண்டும். கூடுதல் சொல் சேர்த்தால் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம், பக்கமே முடக்கப்படலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி முடக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து, பதிலுக்காகக் காத்திருந்த வாரங்களில் கடைக்குப் போனே வராமல் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் அந்தக் குறுக்குவழியை நான் சொல்வதில்லை.

'முதலிடம் உறுதி, மாதக் கட்டணம் கட்டினால் போதும்' என்று போன் செய்பவர்களையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் தனி, அதற்குக் காசு உண்டு, அதில் விளம்பரம் என்று எழுதியே இருக்கும். அது இல்லாத சாதாரண வரிசையில் காசு கொடுத்து முன்னேற வழியே இல்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போனை வைத்துவிடலாம்.

'இன்னிக்குக் கடை உண்டா?' என்ற போனுக்கு வருகிறேன். பக்கத்தில் காலை முதல் இரவு வரை ஒரே நீட்டாகத் திறந்திருப்பதாகப் போட்டிருந்தது. உண்மையில் அக்கா மதியம் இரண்டு மணி நேரம் மூடுவாள். ஒரு நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வசதி இருக்கிறது, போட்டோம். விடுமுறை நாளுக்குத் தனியாகச் சிறப்பு நேரம் என்று ஒரு பகுதி உண்டு. வழக்கமான நேரத்தைத் தொடாமல் அந்த நாளுக்கு மட்டும் மாற்றலாம். தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதும் வரிசையைப் பாதிக்கிறது என்று 2023 இறுதியில் கூகுள் தரப்பே ஒப்புக்கொண்டது. அதைக் கேட்டதும் சிலர் 24 மணி நேரம் என்று மாற்றிக்கொண்டார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏன் என்பதற்கு அக்கா பக்கத்தில் அப்போது இருந்த ஒற்றை நட்சத்திர ரிவ்யூவே சாட்சி. அதில் ஒரே வரி: 'இரண்டு தடவை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன், இரண்டு தடவையும் பூட்டியிருந்தது.'

தையல் மெஷின் எவ்வளவு கனம் என்பது தூக்கினவருக்குத் தெரியும். அந்த வரியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பதில் எழுதலாம் என்று நான் சுற்றி வளைத்து ஒரு பத்தி தயார் செய்தேன். அக்கா படித்துவிட்டு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். "மேப்பில் நேரம் தப்பாக இருந்தது, எங்கள் பிழை. இப்போது சரி செய்துவிட்டோம். உங்களை இரண்டு முறை அலைய வைத்ததற்கு வருந்துகிறேன். எப்போது வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், மதியமானாலும் திறந்து வைக்கிறேன்" என்று அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். ரிவ்யூவுக்கான பதிலைப் படிக்கப்போவது எழுதினவர் மட்டும் இல்லை. இன்னும் வராத ஒருவர், இந்தக் கடையை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டு அதைப் படிப்பார்.

புது ரிவ்யூ கேட்க அக்காவுக்குக் கூச்சம். கேட்கிற நேரம் அமைந்தால் கூச்சம் போய்விடும் என்று கண்டுபிடித்தோம். ரிப்பேர் முடிந்ததும் அவள் ஒரு துண்டுத் துணியை மெஷினில் ஓட்டி, நேர்கோடாக விழுந்த தையலை வாடிக்கையாளர் கையில் கொடுப்பாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் மலரும் அந்தக் கணம்தான் நேரம். "உங்க மெஷினுக்கு என்ன பண்ணினோம்னு ரெண்டு வரி எழுதினா, இதே தொந்தரவு உள்ள இன்னொருத்தருக்கு உதவியா இருக்கும்" என்பாள். புரொஃபைலிலேயே ரிவ்யூ லிங்க்கும் க்யூஆர் கோடும் கிடைக்கும். அதை அச்சிட்டுப் பில் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறோம். 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லைவிட 'ஊசி உடைந்துகொண்டே இருந்தது, டைமிங் சரி செய்தார்கள்' என்ற வரி பலமடங்கு மேலானது, தேடலுக்கும் சரி, படிக்கிறவருக்கும் சரி. தள்ளுபடியோ பரிசோ கொடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதும் 2018 முதல் விதிப்படி தவறு. அக்கா எல்லோரிடமும் கேட்கிறாள், சரிசெய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினவரிடமும்கூட. அவர்களில் ஒருவர், முடியாது என்பதை நேர்மையாகச் சொன்னார்கள் என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

'பழைய இடத்துலதான இருக்கீங்க?' என்று கேட்டவருக்கான வேலைதான் சலிப்பானது. கடை இடம் மாறி வருடங்கள் ஆகியும் பழைய முகவரியோடு இன்னொரு பக்கம் மேப்பில் உயிரோடு இருந்தது. அதே கடையின் நகல் என்று தெரிவித்து, இடம் மாறிவிட்டது என்று குறிக்க வைத்தோம். கூகுளோடு முடியாது. மைக்ரோசாஃப்டின் பிங்குக்குத் தனிப் பதிவு, ஐபோன்காரர்கள் பார்க்கும் ஆப்பிள் மேப்ஸுக்கு 2023-இல் பிசினஸ் கனெக்ட் என்ற பெயரில் வந்த சேவையில் தனிப் பதிவு. ஓபன் ஸ்ட்ரீட் மேப் 2004-இலிருந்து பொதுமக்களே வரைந்துவரும் வரைபடம், பல ஆப்கள் அதிலிருந்துதான் எடுக்கின்றன, யாரும் கணக்கு தொடங்கித் திருத்தலாம். பிறகு பழைய வணிகப் பட்டியல் தளங்கள். பெயர், முகவரி, போன் எண் மூன்றும் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு மாலைகள் போயின.

இதெல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து அக்கா உற்சாகமாகப் போன் செய்தாள். "டேய், தேடிப் பார்த்தேன், நாமதான் முதல்ல!" எங்கிருந்து தேடினாய் என்று கேட்டேன். கடையிலிருந்து. கடைக்குள் நின்று தேடினால் கடைக்கும் தேடுபவருக்கும் தூரமே இல்லை, முன்னால் வரத்தான் செய்யும். அந்த ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு நான்கு திசையிலும் போய், கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தேடிக் குறித்தேன். மேப்போடு சேர்ந்து மேலே வரும் சிறு பெட்டியில் ஒருகாலத்தில் ஏழு கடைகள் இருந்தன, 2015-இலிருந்து மூன்றுதான். அந்த மூன்றுக்குள் கிழக்கே வெகுதூரம் வரை இருந்தோம். மேற்கே பாலத்தைத் தாண்டியதும் காணாமல் போனோம், ஏனென்றால் அங்கே இதே வேலை செய்யும் வேறொருவர் இருக்கிறார். நல்ல வேலைக்காரர், அக்காவுக்கே தெரிந்தவர். அது நியாயம்தான். பாலத்துக்கு அந்தப்பக்கம் இருப்பவர் கனமான மெஷினைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் எதற்கு வரவேண்டும்?

புரொஃபைலின் செயல்திறன் பகுதியில், என்ன சொல் தேடி வந்தார்கள், எத்தனை பேர் போன் பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அக்கா பார்ப்பதில்லை. அவள் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதுகிறாள், அது பழக்கமாகிவிட்டது. போன மாதத்துப் பின்னட்டையை வாங்கிப் பார்த்தேன். நூல் அறுகிறது. பாபின் சுற்றவில்லை. மோட்டார் சூடாகிறது. சத்தம் வருகிறது. நடுவில் நான்கைந்து இடத்தில் மட்டும் பழைய கேள்வி: வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா?

எந்தெந்த ஊர்ப்பகுதிக்கு நேரில் போய் வேலை செய்வோம் என்று குறிக்க, சேவைப் பகுதி என்று ஓர் இடம் புரொஃபைலில் உண்டு, 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். முதல் நாளே நிரப்பிவிடலாம் என்றேன். "போகாத இடத்துக்குப் போறேன்னு ஏன்டா போடணும்" என்று அக்கா தடுத்துவிட்டாள். அதனால் இத்தனை நாளும் அது காலியாகவே கிடந்தது. போன வாரம் அவள் தோளில் மாட்டும் கருவிப் பை ஒன்று வாங்கி, வயதான ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்கு முதல்முறையாகப் போய்வந்தாள். திரும்பி வந்ததும் போன் செய்து, எந்தெந்தப் பகுதிக்குத் தன்னால் போய்வர முடியும் என்று சொன்னாள். மூன்று பெயர். இப்போது அந்த மூன்றைத்தான் சேர்த்திருக்கிறேன்.